மதுரை வெயிலில் வெஜிடபிள் பை: மாவு உருகாமல், அடி ஊறாமல்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருநகரில் வீடு, 28 லிட்டர் ஓடிஜி (மேலும் கீழும் சூடேறும் கம்பி உள்ள சின்ன மின்அடுப்பு), முட்டை சேர்க்காத சமையல். வெளிநாட்டுக் குறிப்பு ஒன்றைப் பார்த்து காய்கறி பை, அதாவது மைதா மாவு ஓட்டுக்குள் காயை வைத்து மூடிச் சுடுகிற பண்டம், செய்திருக்கிறீர்கள். மாவைத் தேய்க்கும்போதே வெண்ணெய் கசிந்து கட்டையில் ஒட்டுகிறது. சுட்டு எடுத்தால் மேலே நன்றாகச் சிவந்திருக்கிறது, அடியில் பச்சை மாவாகச் சொதசொதவென்று இருக்கிறது. ஓரத்தில் சாறு வழிந்து தட்டில் கருகிப்போகிறது. "அளவெல்லாம் சரியாகத்தான் போட்டேன், எங்கே தப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அளவில் தப்பே இல்லைம்மா. அந்தக் குறிப்பை எழுதியவருடைய அடுக்களை 18, 20 டிகிரியில் இருக்கும். உங்கள் அடுக்களை சித்திரை மாதத்தில் 35 டிகிரிக்குக் குறையாது, அதுவும் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால். வெண்ணெய் 15 முதல் 18 டிகிரி வரை கையாள வாகாக இருக்கும். அதற்கு மேல் இளகிக்கொண்டே போய், 32-35 டிகிரியில் முழுக்க உருகிவிடும். ஆக, நீங்கள் மாவில் வெண்ணெயைத் தேய்க்கவில்லை, எண்ணெயை ஊற்றிப் பிசைந்திருக்கிறீர்கள். முதல் குறை அங்கே. மற்ற இரண்டும் காயிலிருந்து வந்த தண்ணீர் செய்த வேலை. பையில் கெடுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டினால்தான்: கொழுப்பு வேண்டாத நேரத்தில் உருகுவது, தண்ணீர் வேண்டாத இடத்தில் தங்குவது.

மாவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மீதி எளிது. மைதாவில் உள்ள புரதம் தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய இழுவையாகும். பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், பைக்கு அது ஆகாது. அதனால்தான் முதலில் கொழுப்பை மாவில் தேய்த்து, மாவுத்துகள் மேல் ஒரு பூச்சு போல ஏற்றிவிடுகிறோம். பிறகு விடுகிற தண்ணீர் புரதத்தை முழுதாக எட்டாது, வாயில் போட்டால் பொரபொரவென்று உதிரும். கொழுப்பு சிறு சிறு துண்டுகளாகக் குளிர்ந்து நின்றால் இன்னும் நல்லது. அடுப்பில் அது உருகும்போது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி மாவை இதழ் இதழாகப் பிரிக்கும். வெண்ணெயில் ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீர்தான். அந்தத் துண்டுகள் அடுப்புக்குப் போகுமுன்பே உருகிவிட்டால் இதழும் இல்லை, உதிரலும் இல்லை. தட்டையான, எண்ணெய்ப் பிசுக்குள்ள ஓடுதான் மிஞ்சும்.

"பேக்கரியில் மட்டும் மே மாதத்திலும் வெஜ் பஃப்ஸ் அடுக்கடுக்காக வருகிறதே?" என்று அடுத்த கேள்வி வரும். அங்கே போடுவது பெரும்பாலும் பஃப்ஸுக்கென்றே செய்த மார்ஜரின், அதாவது தாவர எண்ணெயில் செய்கிற வெண்ணெய் மாதிரியான கொழுப்பு. 40 டிகிரியைத் தாண்டித்தான் அது உருகும். மாஸ்டருக்கு வேலை சுலபம். ஆனால் நம் வாய்ச்சூடு 37 டிகிரிதானே, வாயிலும் அது முழுதாக உருகாது. சில பஃப்ஸ் தின்றபின் மேலண்ணத்தில் மெழுகு போல ஒரு படலம் ஒட்டிக்கொள்வது அதனால்தான். கொழுப்பு, எண்ணெய் வகைகளில் இதயத்துக்கு ஆகாத டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதி வந்துவிட்டதால் முன்பிருந்த பயம் இப்போது அவ்வளவு இல்லை. என்றாலும் வீட்டுக்குச் செய்வதில் அந்த மெழுகு எதற்கு?

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. குளிர் மாவு ஒன்று, கொதிநீர் மாவு ஒன்று.

குளிர் மாவு கார்த்திகையிலிருந்து தை முடிய நடக்கும். டிசம்பர், ஜனவரியில் மதுரையில் விடியற்காலை 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது. காலை ஆறரைக்குள் மாவு வேலையை முடித்துவிடுங்கள். 250 கிராம் மைதா, 125 கிராம் உப்பில்லா வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு. மைதாவையும் பாத்திரத்தையும் முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெண்ணெயை ஃப்ரீசரில். காலையில் வெண்ணெயைக் காய் துருவியில் நேராக மாவின் மேலேயே துருவி, விரல் நுனியால் மட்டும் கலந்துவிடுங்கள். உள்ளங்கை படவே கூடாது, அதுதான் கையிலேயே சூடான இடம். பிறகு ஐஸ் தண்ணீர், நாலைந்து மேசைக்கரண்டி, ஒவ்வொன்றாக. மாவு சேர்ந்து வந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். சப்பாத்திக்குப் பிசைகிற கை அங்கே நிற்காது, இன்னும் நாலு அழுத்து அழுத்தத்தான் பார்க்கும். அதைக் கொஞ்சம் அதட்டி வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே தேயுங்கள். இளகுவது போலத் தெரிந்தால் பேப்பரோடு தூக்கி ஃப்ரீசரில் பத்து நிமிடம். இந்த அளவு எட்டு அங்குலத் தட்டுக்கு அடிமாவும் மேலே மூடிக்குப் பதில் மாவுப் பட்டைகளால் சிக்கனமாக ஒரு பின்னலும் வரும்.

வெண்ணெயைப் பற்றி ஒரு சொல். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற நாட்டு வெண்ணெய் வாசனைக்கு ஈடு கிடையாது. ஆனால் மோர்த் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். பைக்கு அளவு பிசகக்கூடாது. பாக்கெட் வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு என்றாவது ஒரு கணக்கு இருக்கிறது. உப்பில்லாதது கிடைக்காமல் உப்பு வெண்ணெய் போட்டால் மாவில் தனியாக உப்பு வேண்டாம். நாட்டு வெண்ணெயை நெய்யாக உருக்கி வையுங்கள், அடுத்த முறைக்கு ஆகும்.

அமெரிக்க மிஷனரிகள் 1834-இல் மதுரைக்கு வந்தார்கள். வெயிலும் காய்ச்சலும் படுத்திய பாட்டில், 1845-இல் கொடைக்கானல் மலையில் போய் வீடு கட்டிக்கொண்டார்கள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே வெண்ணெய் மேசையிலேயே கட்டியாக நிற்கும். கொடைக்கானலில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போகும்போது குளிர் மாவு செய்து பார்ப்பவர்கள், "அங்கே நன்றாக வந்தது, இங்கே வரவில்லை" என்று குழம்புவார்கள். கை அதேதான், மலைதான் வேறு.

மாசி கடந்துவிட்டால் மதுரைக்காரர்கள் குளிர் மாவோடு மல்லுக்கட்டக் கூடாது என்பது என் கட்சி. ஏசி அறையில் கட்டையைப் போட்டுத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இங்கிலாந்தில் பன்றி இறைச்சி பைக்குக் காலங்காலமாகச் செய்கிற கொதிநீர் மாவு நம் ஊருக்கென்றே அளந்து தைத்தது போல இருக்கிறது. கொழுப்பையும் தண்ணீரையும் ஒன்றாகக் கொதிக்கவைத்து மாவில் ஊற்றுகிறார்கள். கொழுப்பு முதலிலேயே உருகிவிட்டதால், உருகிவிடுமோ என்ற கவலைக்கே இடமில்லை. கொதிநீர் பட்ட மாவுச்சத்து பாதி வெந்து பசையாகிறது. கொழுக்கட்டை மாவு விரியாமல் சொன்னபடி கேட்பதும் இதே காரணத்தால்தான். அதனால் இந்த மாவைத் தட்டின் ஓரத்தில் கையாலேயே அழுத்தி ஏற்றலாம். குளிர்ந்த ஊரில் இந்த மாவு சீக்கிரம் ஆறி விறைத்து விரிசல் விடும், ஓடி ஓடி வேலை செய்வார்கள். நம் அடுக்களையில் அது அரை மணி நேரமானாலும் இளக்கமாகவே இருக்கும். வெயில் நமக்காக வேலை செய்கிற அபூர்வமான இடம் இது.

எட்டு அங்குல வட்டத் தட்டு, நாலைந்து சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால்: மைதா 350 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், உப்பில்லா வெண்ணெய் 120 கிராம், தண்ணீர் 140 மில்லி. வெண்ணெய்க்குப் பதில் நெய் என்றால் 100 கிராம் போதும். நெய்யில் தண்ணீர் கிடையாது, முழுக்கக் கொழுப்பு. ஆனால் முழுக்க நெய் போட்டால் மாவு மணலாக உதிரும், வாசனையும் காயை அமுக்கிவிடும். பாதிக்குப் பாதி எனக்குப் பிடித்தது. கோதுமை மாவு சேர்க்க ஆசைப்பட்டால் மூன்றில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம், தண்ணீர் ஒரு கரண்டி கூடும்.

தண்ணீரையும் கொழுப்பையும் சேர்த்து அடுப்பில் வையுங்கள். தளதளவென்று கொதி வந்ததும் உப்புக் கலந்த மைதாவில் ஒரே தடவையாக ஊற்றி, மரக்கரண்டியால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் பிசைந்து, வழவழப்பானதும் ஈரத்துணி போட்டு மூடி இருபது நிமிடம் விடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு அடிக்கு, ஒரு பங்கு மேல்மூடிக்கு. நாலு மில்லிமீட்டர் கனத்தில், அதாவது நம் சப்பாத்தியைவிட இரண்டு மடங்கு தடிமனாகத் தேயுங்கள். மெல்லிசாகத் தேய்த்தால் காயின் பாரம் தாங்காது.

இதழ் பிரிகிற மாவு இதில் வராது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிஸ்கட் போல மொறுமொறுவென்று, கடிக்கக் கொஞ்சம் உறுதியாக இருக்கும். எங்கள் வீட்டில் அதற்குத்தான் ஆதரவு அதிகம்.

இனிக் காய். உங்கள் பையின் அடி ஊறியதற்கு முக்கியப் பொறுப்பு இதுதான். பூசணி, சௌசௌ, பீர்க்கங்காய், புடலை எல்லாம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். கூட்டுக்கு அது வரம், பைக்குள் வைத்து மூடினால் அந்த நீர் போக வழியில்லாமல் மாவில்தான் இறங்கும். தக்காளியும் அப்படியே. தாளித்தவுடன் தக்காளி போடாவிட்டால் நமக்குக் கை ஓடாது, தெரியும். இதில் மட்டும் விட்டுவிடுங்கள். புளிப்பு வேண்டுமென்றால் இறக்கிய பிறகு அரை எலுமிச்சை பிழியலாம். கத்தரிக்காயும் வேண்டாம், எண்ணெயைக் குடித்துவிட்டு அடுப்பில் அதைத் திரும்பக் கக்கும்.

எடுக்க வேண்டியது உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், காலிஃபிளவர், பச்சைப் பட்டாணி, சேனை, வாழைக்காய். மாட்டுத்தாவணியிலும் பரவையிலும் கொடைக்கானல் கேரட், பீன்ஸ், ஒட்டன்சத்திரம் வழியாக வருகிற காய் எல்லாம் அதிகாலையில் நல்லதாகக் கிடைக்கும். வாழைக்காயைப் பைக்குள் வைப்பதா என்று முகம் சுளிக்காதீர்கள். மாவுச்சத்து அதிகம், வெந்தால் குழையாமல் நிற்கும், மசாலாவையும் பிடித்துக்கொள்ளும். காளான் பிடிக்கும் என்றால் தனியாக, உப்பில்லாமல், வெறும் வாணலியில் அது விடுகிற தண்ணீர் வற்றும்வரை வதக்கியபின் சேருங்கள். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி கடைசியில் போட்டால் அதன் லேசான கசப்பு வெண்ணெய்க்கு அருமையாக ஈடுகொடுக்கும்.

அளவு: உருளை 300 கிராம், காலிஃபிளவர் 200, கேரட் 150, பட்டாணி 150, பீன்ஸ் 100, உரித்த சின்ன வெங்காயம் 150. எல்லாம் ஒரு சென்டிமீட்டர் சதுரம். தண்ணீரில் போட்டு வேகவைக்க வேண்டாம். இட்லிக் கொப்பரையில் ஆவியில் முக்கால் வேக்காடு வேகவைத்து, உடனே பெரிய தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கடியில் வையுங்கள். சூட்டோடு சூடாக ஆவி பறந்தால் காயின் மேல் ஈரம் தானாகக் காய்ந்துவிடும். கிண்ணத்தில் குவித்து மூடிவைத்தால் அதே ஆவி நீராகித் திரும்ப விழும். உப்பு முதலிலேயே போட்டுவிடுவது நல்லது. உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், அது வாணலியிலேயே வற்றட்டும், பைக்குள் வந்து விட வேண்டாம்.

பிணைப்புக்கு வெள்ளை சாஸ் செய்யலாம். 30 கிராம் வெண்ணெயில் 30 கிராம் மைதாவைச் சிவக்காமல் வறுத்து, 250 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறி, மிளகும் ஜாதிக்காயும் தூவினால் முடிந்தது. குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்கு அது நோயாளிக்கு வைத்த கஞ்சியாகத்தான் படுகிறது. நம் ஊர்க் குருமா மசாலாவே பைக்குப் பொருத்தம்: அரை மூடித் தேங்காய், இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, ஒரு டீஸ்பூன் சோம்பு, நாலு பச்சை மிளகாய், ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, இவற்றை முடிந்தவரை குறைந்த தண்ணீரில் மையாக அரையுங்கள். சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, கறிவேப்பிலை வதக்கி, அரைத்ததைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை கிளறி, காயைப் போட்டுப் பிரட்டுங்கள். பொட்டுக்கடலை முன்பே வறுத்தது என்பதால் பச்சை வாடை அடிக்காது, மிச்சமிருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய்ப்பால் மட்டும் ஊற்றாதீர்கள். ஒரு மணி நேரச் சூட்டில் அது திரிந்து தண்ணீர் தனியாக நிற்கும்.

கெட்டியாகிவிட்டதா என்று பார்க்க: ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்து, தட்டை லேசாகச் சாய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். ஓரத்தில் ஈரம் ஓடினால் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள். ஓடவில்லை என்றால் ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிடுங்கள். சுடச்சுடக் காயைப் பைக்குள் போடுவது இரண்டாவது பெரிய தவறு. உள்ளிருந்து வருகிற ஆவியிலேயே அடிமாவு ஊறிவிடும். காயை முந்தின இரவே செய்து வைத்துவிட்டால் மறுநாள் வேலை பாதிதான்.

தட்டு விஷயத்தில் கண்ணாடி, பீங்கான் அழகுக்கு சரி. அவை மெதுவாகத்தான் சூடேறும், அதற்குள் அடிமாவு ஈரம் குடித்துவிடும். அலுமினியமோ கறுப்புத் தகடோ எடுங்கள். அடி கழன்று வருகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் ஓடிஜிக்குள் இன்னொன்றையும் வைக்கச் சொல்வேன்: கைப்பிடி இல்லாத சின்ன இரும்பு தோசைக்கல். கீழ்க்கம்பிக்கு மேலே உள்ள வலைத்தட்டில் அதை வைத்து, சுற்றிலும் காற்று போக இடம் விட்டு, 200 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றி, பைத்தட்டை நேராக அதன் மேல் வையுங்கள். சேமித்த சூடு முழுதும் அடிமாவில் ஏறும். உங்கள் 'பச்சை அடி'க்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. நான்ஸ்டிக் கல் இதற்கு ஆகாது.

குளிர் மாவு என்றால் காய் போடுவதற்கு முன் அடிமாவை மட்டும் வெறுமனே சுட்டுக்கொள்ள வேண்டும். மாவைத் தட்டில் விரித்து, முள்கரண்டியால் குத்தி, மேலே பட்டர் பேப்பர் போட்டு, பேப்பர் நிறைய கொண்டைக்கடலையோ அரிசியோ கொட்டி 190 டிகிரியில் 15 நிமிடம். பாரத்தை எடுத்துவிட்டு இன்னும் எட்டுப் பத்து நிமிடம். அந்தக் கடலையை டப்பாவில் போட்டு 'பைக்கு' என்று எழுதி வையுங்கள், யாராவது சுண்டலுக்கு ஊறப்போட்டால் ஊறவே ஊறாது. கொதிநீர் மாவுக்கு இந்த வேலை வேண்டாம்.

காயைக் குழியில்லாமல் அழுத்தி நிரப்பி, ஓரத்தில் தண்ணீர் தொட்டு மூடியை ஒட்டி, சோமாசி ஓரம் மடிப்பது போல மடித்துவிடுங்கள். நடுவில் கட்டாயம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. ஆவி போக அந்த வழி இல்லாததால்தான் உங்களுக்கு ஓரம் பிளந்து சாறு வழிந்தது. முட்டை வேண்டாம் என்பதால் மேலே தடவ இரண்டு கரண்டி பாலில் ஒரு சிட்டிகை சர்க்கரை கரைத்துக்கொண்டால் நிறம் வரும்; கொஞ்சம் கிரீம் இருந்தால் பளபளப்பும் வரும்.

200 டிகிரியில் இருபது நிமிடம், பிறகு 180-இல் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம். இரண்டு கம்பியும் எரியட்டும். சின்ன ஓடிஜியில் மேல்கம்பி பைக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் மூடி சீக்கிரம் சிவக்கும். அதை வைத்து வெந்துவிட்டது என்று நினைத்து எடுத்துவிடுவதும் அடி பச்சையாக நிற்க ஒரு காரணம். சிவந்தால் ஃபாயில் போட்டு மூடிவிட்டு நேரத்தை முடியுங்கள். ஓட்டை வழியே கத்தியை நடுவரை இறக்கி, பத்து எண்ணி எடுத்து முனையைத் தொட்டுப் பார்த்தால் சுள்ளென்று சுட வேண்டும். ஓடிஜி காட்டுகிற டிகிரியை அப்படியே நம்ப வேண்டாம், இருபது டிகிரி முன்னே பின்னே இருப்பது சகஜம். உள்ளே தொங்கவிடுகிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். பிளக் 15 ஆம்பியர் பாயிண்டில்தான் இருக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வேண்டாம்.

குக்கரில் மணல் போட்டு இதைச் செய்யலாமா என்று கூடவே கேட்டிருந்தீர்கள். கேக் வரும். பை வெந்துவிடும், ஆனால் மேலிருந்து சூடு இறங்காததால் மூடி வெளிறிப்போய் மாவுக்கட்டியாக நிற்கும். ஓடிஜி இருக்கும்போது அந்த வம்பு எதற்கு.

எடுத்தவுடன் வெட்டாதீர்கள். அரை மணி நேரம் வலைத்தட்டில் ஆறவிட்டால் உள்ளே மசாலா இறுகும், துண்டு சிதறாமல் வரும். தேங்காயும் பாலும் உள்ள பண்டம் என்பதால் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் இருக்கும். திரும்பச் சுடவைக்கும்போது மைக்ரோவேவில் போட்டால் இவ்வளவு பாடுபட்டு மொறுமொறுப்பாக்கிய மாவு ரப்பராகிவிடும். ஓடிஜியிலேயே 170 டிகிரியில் பதினைந்து நிமிடம், அதே தோசைக்கல்லின் மேல்.